பழைய மெட்ராஸ் உயிர்காலேஜில் எடுத்த வீட்டுப் படங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்ட்ரல் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த பழைய மிருகக்காட்சிசாலைக்குக் குடும்பத்தோடு போய் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள் இன்னும் பல வீடுகளில் இருக்கின்றன. பரணில், டிரங்குப் பெட்டியில், கல்யாண ஆல்பத்தின் கடைசிப் பக்கங்களில் அவை கிடக்கும். சொந்தக்காரர்கள் வீட்டிலும் தெரிந்தவர்கள் வீட்டிலும் அவற்றைக் கேட்டு வாங்கி நகலெடுத்து வைத்து வருகிறேன். போகிற இடங்களில் திரும்பத் திரும்ப என்னிடம் கேட்கப்படுகிறவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

மிருகக்காட்சிசாலை என்றால் வண்டலூர்தானே? சென்ட்ரலில் எங்கே இருந்தது?

வண்டலூர் பிற்பாடு வந்தது. அரசு அருங்காட்சியகத்தின் பொறுப்பில் இருந்த மருத்துவர் எட்வர்டு பால்ஃபர் 1855-ல் எழும்பூரில், அந்த வளாகத்துக்குள்ளேயே, உயிருள்ள மிருகங்களைச் சேர்த்துக் காட்டத் தொடங்கினார். ஆற்காடு நவாபிடம் பேசி அவர் வளர்த்த மிருகங்களையும் வாங்கிச் சேர்த்தார். கூட்டம் பெருகியது, இடம் போதவில்லை. 1860களின் தொடக்கத்தில் மிருகங்கள் பார்க் டவுனில் இருந்த பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போயின. அப்புறம் நூறாண்டுக்கும் மேல் அவை அங்கேதான் இருந்தன. நகராட்சி நிர்வாகத்தில், நகரத்தின் நட்டநடுவில், ரயில் கூவும் சத்தம் கேட்கும் தூரத்தில்.

ஊர் ஜனங்களுக்கு அது உயிர்காலேஜ். எழும்பூர் மியூசியம் செத்த காலேஜ். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் ஒரே நாளில் இரண்டையும் பார்த்துவிட்டு, மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகமோ பொம்மையோ வாங்கிக்கொண்டு சாயங்கால ரயிலைப் பிடிப்பார்கள். ஆல்பங்களிலும் இந்த மூன்றும் பக்கத்துப் பக்கத்தில் ஒட்டப்பட்டிருக்கும்.

1976-ல் வனத்துறை வண்டலூர் காப்புக்காட்டில் 1,265 ஏக்கரை ஒதுக்கியது. 1985 ஜூலையில் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா அங்கே திறக்கப்பட்டது. அதற்கு இரண்டு மாதம் முன்பு, மே மாதக் கடைசியில், மூர் மார்க்கெட் தீப்பிடித்து எரிந்துபோயிற்று. ஒரே கோடையில் அந்த வட்டாரத்தின் முகமே மாறிவிட்டது.

இப்போது போனால் ஏதாவது பார்க்க முடியுமா?

ரிப்பன் மாளிகையும் விக்டோரியா பப்ளிக் ஹாலும் இருக்கின்றன. பின்பக்கம் மை லேடீஸ் பூங்காவும் நேரு விளையாட்டரங்கமும் இருக்கின்றன. கூண்டுகள் இல்லை.

தொழில்முறைப் படங்கள் இருக்குமே, வீட்டு ஆல்பத்தில் இருக்கும் மங்கல் படம் எதற்கு?

எனக்கு மிகவும் முக்கியமான கேள்வி இதுதான். ஸ்டுடியோக்காரர்களும் போஸ்ட்கார்டு போட்டவர்களும் மெட்ராஸின் கட்டடங்களையும் கடற்கரையையும் கோயில்களையும் அழகாக எடுத்து வைத்திருக்கிறார்கள். மிருகத்தை எடுத்தாலும், மிருகம் மட்டும் தெரியும்படி, ஆள் நடமாட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து எடுப்பார்கள். கூண்டுக்கு வெளியே யார் நின்றார்கள், எவ்வளவு நெருங்கி நின்றார்கள், கையில் என்ன வைத்திருந்தார்கள் என்பதெல்லாம் அவற்றில் இருக்காது. அது சித்தப்பா எடுத்த படத்தில்தான் இருக்கும்.

அவருக்கு வேண்டியது குழந்தைதான். குழந்தையை எடுக்கும்போது பின்னால் கூண்டும், கம்பியின் தடிமனும், தரையின் சிமெண்டும், வாளியோடு போகிற சிப்பந்தியும், கடலைப் பொட்டலத்தை நீட்டுகிற இன்னொரு குடும்பமும் சேர்ந்து பதிந்துவிடுகின்றன. அவர் எடுக்க நினைக்காததுதான் இன்று நமக்குத் தகவல். ஒரு மிருகத்துக்கு எத்தனை அடி இடம் கொடுத்தார்கள், நிழல் இருந்ததா, தண்ணீர்த் தொட்டி எங்கே இருந்தது என்று படத்தை வைத்தே அளந்து சொல்லிவிடலாம்.

உலகத்தில் மற்ற ஊர்களிலும் இதே கதைதான். 1852-ல் லண்டன் மிருகக்காட்சிசாலையில் ஒபேஷ் என்ற நீர்யானையைப் படம் எடுத்த மாண்டிசோன் பிரபு, ஸ்பானிய அரச குடும்பத்தைச் சேர்ந்தவர். பொழுதுபோக்குக்காகப் படம் எடுத்தவர். நீர்யானை குளத்தங்கரையில் படுத்துக் கிடக்கிறது. அதன் பின்னால் கம்பிகளுக்கு அப்புறம் வேடிக்கை பார்க்கும் ஜனங்களும் படத்தில் இருக்கிறார்கள். அந்த முகங்கள் இல்லாவிட்டால் அது ஒரு மிருகத்தின் படம் மட்டும்தான். குவாகா என்ற பாதிவரிக் குதிரை இனம் 1883-ல் ஆம்ஸ்டர்டாமில் அடியோடு அழிந்தது. உயிரோடு இருக்கும்போது எடுத்ததாக ஐந்து படங்கள்தாம் மிஞ்சியிருக்கின்றன. ஐந்தும் லண்டன் மிருகக்காட்சிசாலையில் இருந்த ஒரே பெண் குவாகாவின் படங்கள். எடுத்த அன்றைக்கு அவற்றின் மதிப்பு யாருக்குத் தெரிந்திருக்கும்?

நம் பக்கத்தில், புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் தமிழகத்துப் பழைய ஸ்டுடியோ படங்களைத் தேடிப்பிடித்து டிஜிட்டலாக்கி வைத்திருக்கிறார்கள். பெரிய வேலை அது. வீட்டார் தங்கள் கையால் எடுத்த படங்களை அப்படித் தேடிப் போகிறவர்கள் குறைவு. வீட்டைக் காலி செய்யும்போது முதலில் குப்பைக்குப் போவதும் அவைதான்.

எந்தக் கேமராவில் எடுத்திருப்பார்கள்?

பெரும்பாலும் பாக்ஸ் கேமராவில், அதாவது பெட்டி வடிவ எளிய கேமராவில். கோடாக் 1900-ல் பிரௌனி என்ற பாக்ஸ் கேமராவை ஒரு டாலருக்குக் கொண்டுவந்த பிறகுதான் சாதாரண மனிதர் கைக்குக் கேமரா வந்தது. நம் வீடுகளில் அதிகம் புழங்கியது அக்ஃபா கிளிக் த்ரீ. 120 என்ற அளவுள்ள பிலிம் ரோலைப் போட்டால் பன்னிரண்டு சதுரப் படம் வரும். பழைய பாக்ஸ் கேமராவில் அதே ரோலில் நீளவாக்கில் எட்டுதான்.

எட்டோ பன்னிரண்டோ, அதற்குள் எல்லாம் அடங்க வேண்டும். ரோலுக்கும் காசு, கழுவவும் காசு, பிரிண்டுக்கும் காசு. அதனால் ஒரே ரோலில் சீமந்தம், மெரினா, மிருகக்காட்சிசாலை எல்லாம் வரிசையாக வரும். யானைக்கு ஒன்று, சிங்கத்துக்கு ஒன்று என்று அளந்துதான் எடுத்தார்கள். எதை எடுக்கத் தேர்ந்தார்கள் என்பதே அந்தக் குடும்பத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லும்.

சில பாக்ஸ் கேமராக்களில் ரோலைச் சுற்ற மறந்தால் பிலிமின் ஒரே சட்டத்தில் (பிரேமில்) இரண்டு படம் விழுந்துவிடும். என்னிடம் அப்படி ஒன்று இருக்கிறது. பட்டுப்புடவையில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஒரு பாட்டியின் தோள்வழியே யானையின் தும்பிக்கை இறங்குகிறது. ‘கெட்டுப்போன படம்’ என்று பின்பக்கம் பென்சிலால் எழுதியிருக்கிறார்கள். எழுதியும் யாரோ தூக்கிப் போடாமல் வைத்திருந்தார்களே, அவர்களுக்கு நன்றி.

புலியும் சிங்கமும் ஏன் எப்போதும் மங்கலாகவே இருக்கின்றன? யானை மட்டும் நன்றாக விழுந்திருக்கிறதே?

மூன்று காரணம். பாக்ஸ் கேமராவின் ஷட்டர் வேகம் நொடியில் முப்பதில் ஒரு பங்கு அல்லது ஐம்பதில் ஒரு பங்கு என்று நிலையாக இருக்கும், மாற்ற முடியாது. கூண்டுக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடக்கும் புலிக்கு அந்த வேகம் போதாது. இரண்டாவது, வெளிச்சம். வெளியே உச்சிவெயில், கூண்டுக்குள் இருட்டு. லென்ஸ் துளை சின்னது. வெயிலில் நிற்கும் மாமா பளிச்சென்று விழுவார், பின்னால் சிங்கம் சாம்பல் நிறக் கறையாக நிற்கும். மூன்றாவது, கம்பி. நல்ல கேமராவாக இருந்தால் லென்ஸைக் கம்பியோடு ஒட்டி, துளையைப் பெரிதாக்கி, கம்பியே தெரியாமல் செய்துவிடலாம். பாக்ஸ் கேமராவில் துளையை அவ்வளவு பெரிதாக்க வழியில்லை. போதாததற்குக் கூண்டுக்கு முன்னால் தடுப்பும் இருக்கும், கிட்டவே போக முடியாது.

இன்னொன்றும் உண்டு. கோடாக் வெரிக்ரோம் போன்ற பழைய ரோல்களுக்குச் சிவப்பு நிறம் தெரியாது. அந்த வெரிக்ரோமுக்குப் பதிலாக சிவப்பு உட்பட எல்லா நிறத்தையும் உணரும் கறுப்பு வெள்ளை ரோல் 1956-ல்தான் வந்தது. பழைய ரோலில் புலியின் செம்மஞ்சள் தோல் கருத்துப்போய் வரியோடு கலந்துவிடும். சிவப்புப் புடவையும் கறுப்பாகத்தான் விழும். ஆகவே கறுப்புப் புடவை கட்டி நிற்கும் புது மணப்பெண்ணைப் பார்த்தால் குழம்ப வேண்டாம்.

யானை பெரியது, வெட்டவெளியில் நிற்கும். காதும் தும்பிக்கையும் மட்டும்தான் அசையும். பல படங்களில் உடம்பு கல்லில் செதுக்கியதுபோல் தெளிவாக இருக்க, தும்பிக்கை நுனி மட்டும் கரைந்திருப்பதைக் கவனியுங்கள். மான், நாரை, கூழைக்கடா இவையும் பொறுமையாக நின்று உதவியிருக்கின்றன. அதனால் ஆல்பங்களை வைத்து ‘அங்கே மான்தான் அதிகம் இருந்தது’ என்று முடிவு கட்டக் கூடாது. மான் நன்றாக விழுந்தது, ஒட்டிவைத்தார்கள். புலி விழவில்லை, தூக்கிப் போட்டார்கள்.

எல்லாப் படத்திலும் தரையில் ஒரு ஆளின் நிழல் விழுகிறதே, அது யார்?

படம் எடுத்தவர். சூரியன் முதுகுப்பக்கம் இருக்க வேண்டும் என்பது அன்றைக்கு எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்த பாடம். சாயங்கால வெயிலில் நிழல் நீண்டு படத்துக்குள் வந்துவிடும். நிழலில் முழங்கை மடங்கி இரண்டு கையும் வயிற்றருகே கூடியிருந்தால் அது பாக்ஸ் கேமரா. மேலிருந்து குனிந்து பார்த்து எடுப்பது. கை கண்ணருகே இருந்தால் கிளிக் த்ரீ போன்றது. அப்பா எந்தப் படத்திலும் இல்லையே என்று வருத்தப்படுகிறவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இந்த நிழலைத்தான்.

எந்த ஆண்டில் எடுத்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் பின்பக்கத்தைப் பாருங்கள். ஸ்டுடியோ முத்திரை, பென்சில் எழுத்து, தாளின் பெயர் எது இருந்தாலும் குறித்துக்கொள்ளுங்கள். வெலாக்ஸ் என்று அச்சாகியிருந்தால் அது கோடாக் தாள். ஓரம் பிய்த்ததுபோல் அலையலையாக வெட்டியிருந்தால் பெரும்பாலும் 1930களுக்கும் 60களுக்கும் நடுவே. பிளாஸ்டிக் பூசிய வழுவழுப்பான தாள் 1970களில்தான் பரவியது. ரோல் வந்த உறையோ தாள் வந்த உறையோ கிடைத்து, அதில் ‘இந்து’ என்ற பெயர் இருந்தால் அது ஊட்டியில் இயங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தயாரிப்பு. அங்கே உற்பத்தி தொடங்கியது 1967-ல், ஆக அதற்கு முந்தியதாக இருக்க வழியில்லை. நடுத்தரக் குடும்பங்களில் கலர் பிரிண்ட் சகஜமானது 1980களில். உயிர்காலேஜின் கலர் படம் உங்களிடம் இருந்தால் அது அதன் கடைசி ஆண்டுகளைச் சேர்ந்ததாக இருக்கும் என்பது என் எண்ணம். பத்திரமாக வையுங்கள்.

தாளை விட நம்பகமான கணக்கு மனிதர்கள்தான். இடுப்பில் இருக்கும் குழந்தை யார், அதற்கு என்ன வயசு என்று தெரிந்தால் ஆண்டு தெரிந்துவிடும். வயிற்றுப்பிள்ளையோடு அத்தை நிற்கிறாரா? அந்தப் பிள்ளையின் பள்ளிச் சான்றிதழைப் பாருங்கள், ஒன்றிரண்டு மாதம் முன்பின்னாகச் சொல்லிவிடலாம். வேட்டி, காற்சட்டை, பாவாடை, தலைவாரல் எல்லாம் உதவும். ஆனால் ஊருக்குப் போட்டுப் போன நல்ல உடுப்பு பல வருஷம் பெட்டியில் இருந்ததாகவும் இருக்கலாம்.

இது மெட்ராஸ்தானா? மைசூராகவும் இருக்கலாம் என்கிறார் பெரியப்பா.

இருக்கலாம். திருவனந்தபுரம், மைசூர் மிருகக்காட்சிசாலைகளும் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வந்தவை. பள்ளிச் சுற்றுலாவும் தேனிலவும் அங்கே போயிருக்கின்றன. இலங்கைச் சொந்தங்கள் உள்ள வீடுகளில் தெஹிவளை படங்களும் கலந்திருக்கும்.

பின்னால் இருக்கும் பலகையைப் பெருக்கிப் பாருங்கள். கன்னடமா, மலையாளமா, சிங்களமா என்று எழுத்தின் உருவமே காட்டிவிடும், வாசிக்க முடியாவிட்டாலும் போதும். நெகட்டிவ் இருந்தால் முன்னும் பின்னும் உள்ள சட்டங்களைப் பாருங்கள். முன்சட்டத்தில் அரண்மனையும் பின்சட்டத்தில் சாமுண்டிமலை நந்தியும் இருந்தால் பெரியப்பா சொன்னதுதான் சரி. அதனால்தான் நெகட்டிவைத் துண்டு துண்டாக வெட்டிவிட வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

படம் மஞ்சளித்து, பூஞ்சணம் பூத்து, சிலது கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. என்ன செய்வது?

கண்ணாடியோடு ஒட்டியதைப் பிரிக்காதீர்கள். பிரித்தால் முகம் கண்ணாடியிலும் தாள் கையிலுமாக வரும். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்யுங்கள்.

மஞ்சள் நிறம் பெரும்பாலும் கழுவியவர் ஹைப்போவை, அதாவது படத்தை நிலைக்கச் செய்யும் ரசாயனத்தை, சரியாக அலசாததால் வருவது. அதைத் திருப்ப முடியாது. இருட்டான பகுதிகளில் வெள்ளி மினுமினுப்புத் தெரிந்தால் அது படத்திலுள்ள வெள்ளியே மேலே வந்து படிவது, தேய்க்கக் கூடாது. ஈரத்துணியால் துடைப்பது, லேமினேஷன் போடுவது, அந்துருண்டை வைப்பது மூன்றும் கெடுதல். பசைப்பக்கத்தின் மேல் பிளாஸ்டிக் தாள் மூடும் ஆல்பங்கள் 1980களில் எல்லா வீட்டுக்கும் வந்தன. படங்களுக்கு அவை செய்த கேடு கொஞ்சநஞ்சமல்ல. அவற்றிலிருந்து எடுக்கும்போது நகத்தால் நெம்பாமல், மெல்லிய நூலைப் படத்துக்கும் பசைக்கும் நடுவே விட்டு மெதுவாக அறுத்து எடுங்கள். வரவில்லை என்றால் அப்படியே விட்டுவிடுங்கள்.

பழைய கறுப்பு அட்டை ஆல்பம், மூலை ஒட்டிகளும் நடுவில் பட்டர் பேப்பருமாக இருந்தால், அதிலேயே இருக்கட்டும். சென்னையின் ஈரக்காற்றுக்குப் பரணும் ஆகாது, வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியும் ஆகாது. வீட்டின் உள்ளறை, தரையிலிருந்து மேலே, காற்றுப்படும் இடம் போதும். வெள்ளத்தில் ஆல்பத்தைப் பறிகொடுத்தவர்கள் இந்த ஊரில் நிறையப் பேர். நெகட்டிவில் காடி வாடை அடித்தால் அந்தப் பிலிம் சிதையத் தொடங்கிவிட்டது. அதைத் தனியே பிரித்து வைத்து முதலில் அதை நகலெடுங்கள்.

ஸ்கேன் எப்படி?

செல்பேசியில் எடுப்பது ஒன்றும் இல்லாததற்கு மேல். ஸ்கேனர் கிடைத்தால் பிரிண்டுக்கு 600 டிபிஐ, சின்ன பிரிண்டுக்கு 1200, நெகட்டிவுக்கு 2400. வெள்ளை ஓரத்தை வெட்டாதீர்கள். பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். ஆல்பத்தில் எந்தப் பக்கத்தில் எந்த வரிசையில் இருந்தது என்பதும் தெரிய வேண்டும், ஆகவே பக்கத்தை முழுசாக ஒரு படம்.

கலராக்கித் தருகிறார்கள், கம்பியையும் எடுத்துவிடுகிறார்கள். செய்யலாமா?

தாத்தா பிறந்தநாளுக்குச் சட்டம் போட்டுக் கொடுக்க என்றால் உங்கள் விருப்பம், மூலப் படத்தின் ஸ்கேன் தனியாக இருக்கட்டும். என்னைக் கேட்டால் வேண்டாம் என்பேன். புடவை என்ன நிறம் என்று கணினிக்குத் தெரியாது. ஊகித்துப் பூசுகிறது. நாலு வருஷம் கழித்துப் பேரப்பிள்ளைகள் அந்தப் பச்சையைத்தான் நிஜம் என்று நம்புவார்கள். புடவையைக் கட்டியவர் உயிரோடு இருந்தால் அவரையே கேட்டு எழுதி வையுங்கள்.

கம்பியை நீக்குவது அதைவிட மோசம். கம்பியை எடுத்துவிட்டால் அந்தச் சிங்கம் காட்டில் நிற்பதுபோல் ஆகிவிடும். அது காட்டில் நிற்கவில்லை.

கூண்டில் அடைபட்ட மிருகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது. இதையெல்லாம் ஏன் பாதுகாக்க வேண்டும்?

எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. அதனால்தான் பாதுகாக்க வேண்டும் என்கிறேன். இந்தியாவில் மிருகக்காட்சிசாலைகளுக்கென்று விதிகளும் மத்திய மிருகக்காட்சிசாலை ஆணையமும் வந்தது 1992-ல். கூண்டு எவ்வளவு இருக்க வேண்டும், பார்வையாளர் எங்கே நிற்க வேண்டும் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான் சட்டமாயிற்று. அதற்கு முன் எப்படி இருந்தது என்று எழுத்தில் படிப்பது ஒன்று. சிமெண்டுத் தரையில், சுவரோரம், மூன்றடி தூரத்தில் சிரித்துக்கொண்டு நிற்கும் நம் குடும்பத்துக்குப் பின்னால் அந்த மிருகத்தைப் பார்ப்பது இன்னொன்று. நம் வீட்டார் கெட்டவர்கள் அல்லர். வருஷத்துக்கு ஒருநாள் பிள்ளைகளைச் சந்தோஷப்படுத்த வந்தவர்கள். இரண்டும் உண்மை, இரண்டும் ஒரே படத்தில் இருக்கின்றன. வண்டலூரில் அகழியும் திறந்தவெளியுமாக ஏன் கட்டினார்கள் என்பதற்கு இந்தப் படங்களை விட நல்ல விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

உரிமை யாருக்கு? நான் வெளியிடலாமா?

பிரிண்ட் கையில் இருப்பதாலேயே பதிப்புரிமை வந்துவிடாது. பொதுவாக எடுத்தவருக்கு உரிமை, அவருக்குப் பிறகு வாரிசுகளுக்கு. முன்பு புகைப்படத்துக்கு வெளியிட்டதிலிருந்து 60 ஆண்டு என்று இருந்தது. 2012 சட்டத்திருத்தத்துக்குப் பிறகு எடுத்தவர் ஆயுளோடு 60 ஆண்டு. ரோலைக் கழுவிக் கொடுத்த ஸ்டுடியோவுக்கு அதனால் மட்டும் உரிமை இல்லை. வீட்டுப் படம் என்றால் பெரும்பாலும் எடுத்தவர் யார் என்று தெரியும். அவர் பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். படத்தில் இருக்கிறவர்களிடமும் கேட்பது மரியாதை. பழைய நகையோடு, பழைய கணவரோடு நிற்கும் படத்தை ஊர் பார்ப்பது எல்லோருக்கும் பிடிக்காது.

பெரியவர்களிடம் என்ன கேட்க வேண்டும்?

படத்தைக் கையில் கொடுத்துவிட்டுச் சும்மா இருங்கள், முதலில் அவர்களே பேசுவார்கள். பிறகு கேளுங்கள்: எந்த ஊரிலிருந்து வந்தீர்கள், ரயிலா டிராமா பஸ்ஸா, மத்தியானச் சாப்பாடு கட்டிக்கொண்டு வந்தீர்களா, எங்கே உட்கார்ந்து சாப்பிட்டீர்கள், கேமரா சொந்தமா இரவலா, எந்த மிருகத்தின் வாடை ஞாபகம் இருக்கிறது, எந்தக் கூண்டு எந்தக் கூண்டுக்கு அடுத்து. கடைசிக் கேள்விக்குத்தான் அதிகம் தடுமாறுவார்கள். ஒரு வெள்ளைத்தாளையும் பேனாவையும் கொடுத்து வரையச் சொன்னால் பலருக்குக் கை தானாகப் போகும். அந்தத் தாளில் தேதியும் பெயரும் போட்டுப் படங்களோடு சேர்த்து வையுங்கள். படங்களின் பின்பக்கம் எழுதுவதாக இருந்தால் பால்பாயிண்ட் வேண்டாம், மென்மையான பென்சிலால், ஓரமாக, அழுத்தாமல்.